உருளைக்கிழங்குக்கு உறை மோர்

ஜீடிமெட்லா வந்துவிட்டது என்று பஸ் கண்டக்டர் குரல் கொடுக்க வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். ஹைதராபாதின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டையில் மாத்திரைக்கான மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து என்று ரசாயனத்தின் அத்தனை கிளைகளும் உண்டு. பக்கத்துப் பாலாநகரில் 1960களில் சோவியத் உதவியோடு எழும்பியது ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்து ஆலை. அங்கே தொழில் கற்றவர்களில் பலர் வெளியே வந்து சொந்தமாக உலை மூட்டியதில்தான் ஹைதராபாதின் மருந்துத் தொழில் வளர்ந்தது. அதன் பெருமையும் இந்த வட்டாரத்தில் இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது.

ஆலைகள் வெளியேற்றும் நீரைச் சுத்தம் செய்ய இங்கே 1980களின் கடைசியில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. நாட்டில் இவ்வகையில் முதலில் வந்தவற்றுள் அதுவும் ஒன்று. இத்தகைய நிலையங்களின் தொட்டிகளில் பழுப்பு நிறத் தண்ணீர் இரவு பகலாகக் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். யாருக்கு அந்தக் காற்று? தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு. கழிவைத் தின்று தீர்ப்பவை அவைதான். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை. ஆனால் தீனியின் அளவு கெடக் கூடாது, காற்று நிற்கக் கூடாது. கடுமையான கழிவு ஒரேயடியாக வந்து விழுந்தால் தொட்டியே செத்துப்போகும். பிறகு புதிதாக வளர்த்து எடுக்கப் பல நாட்கள் ஆகும். அங்கே வேலை பார்க்கும் ஆபரேட்டர்கள் இதற்காக நுண்ணுயிரியல் படிப்பதில்லை. மாட்டுத் தொழுவத்தைக் கவனிக்கிற அக்கறைதான் அது.

இப்படி ஓர் ஆளை நினைத்துக்கொள்ளலாம். ஜீடிமெட்லாவில் ஷிப்ட் வேலை. பெயர் வேண்டாம், மெதக் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இந்தப் பேட்டைக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இவருக்கு ஊர், மும்பை நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. தள்ளி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜஹீராபாத். தெலங்கானாவில் உருளைக்கிழங்கு விளையும் சில இடங்களில் முக்கியமானது அது. வீட்டில் இரண்டு ஏக்கர். மழை ஓய்ந்து பனி தொடங்கும்போது நடுவார்கள், தை மாசி வாக்கில் தோண்டுவார்கள். விதைக்கிழங்கு வடக்கிலிருந்து, பெரும்பாலும் ஆக்ரா பக்கத்திலிருந்து, லாரியில் வரும். உருளைக்கிழங்கு சாகுபடியில் பெரிய செலவே விதைதான். நெல்லைப் போலப் படியளவில் முடிகிற சமாசாரம் இல்லை, ஏக்கருக்கு மூட்டை மூட்டையாக இறங்கும்.

அந்த மூட்டைக்குள் என்ன வருகிறது என்பதில்தான் பயம்.

உருளைக்கிழங்கின் நோய்களில் சில இலையில் தெரியும். அவற்றோடு போராட மருந்துண்டு. மண்ணிலும் கிழங்கிலும் ஒளிந்திருப்பவை வேறு ரகம். அவற்றில் கொடியது பாக்டீரியா வாடல். நன்றாக நீர் பாய்ந்த வயலில், நடுப்பகலில் ஒரு செடி மட்டும் தலையைத் தொங்கப் போடும். மாலையில் நிமிர்ந்துவிடும். வெயிலின் கோளாறு என்று விட்டுவிடத் தோன்றும். சில நாட்களில் நிமிராது. அதற்குள் பக்கத்துச் செடிகளும் தொங்கத் தொடங்கியிருக்கும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாடிய தண்டை அடியில் அறுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் பிடித்தால் போதும். சில நிமிடங்களில் பால் போன்ற இழைகள் தண்டிலிருந்து கீழே இறங்கும். இழை இழையாக இறங்குபவை கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தவை அவைதான். ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் சாகிறது. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரியும், அழுத்தினால் சீழ் போல் கசியும்.

சில கிழங்குகளில் வளையமே இருக்காது. பார்வைக்கு நல்ல விதை, உள்ளே நோய். அதை வெட்டிய கத்தியாலேயே அடுத்த கிழங்கையும் வெட்டினால் நோய் கத்தியிலேறிப் பயணம் செய்யும். மண்ணில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. 200க்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தாக்கக்கூடியது இது. தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி, வாழை எல்லாம் அதில் சேர்த்தி. பயிரை மாற்றி நடலாம் என்றால் எதைத்தான் நடுவது? சோளமோ மக்காச்சோளமோ கோதுமையோ போட்டுவிட்டு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இரண்டு ஏக்கர்க்காரருக்குச் சொல்லத்தக்க புத்திமதியா இது என்பது வேறு விஷயம். கர்நாடகம், மேற்கு மகாராஷ்டிரம், நீலகிரி என்று இந்நோய் வேரூன்றிய பகுதிகளின் பட்டியல் நீளம்.

மருந்து? உருப்படியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நடும்போது உரத்தோடு ஹெக்டேருக்கு 12 கிலோ பிளீச்சிங் பவுடர் சாலில் இடும்படி மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்தது. விவசாயிகள் பல காலம் நம்பியது வேறொன்றை. மனிதனுக்கு ஊசியாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசினை டெட்ராசைக்ளினுடன் சேர்த்துச் சிறு பொட்டலமாக விற்றார்கள். விதையை அதில் முக்கி எடுப்பதும், பயிருக்குத் தெளிப்பதும் வழக்கமானது. பாக்டீரியாவைக் கொல்ல ஆன்டிபயாடிக், நியாயமான கணக்குதானே என்று தோன்றும். நிலத்தில் விழும் ஆன்டிபயாடிக் அங்கேயுள்ள மற்ற பாக்டீரியாக்களுக்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பாடம் ஆஸ்பத்திரி வரை வந்து சேரும். 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இவ்விரண்டையும் விவசாயத்தில் தடை செய்வதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது. ஜஹீராபாதுக்குப் போகும் வழியில்தான் படான்சேரு இருக்கிறது. 2007இல் அங்கே மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை ஸ்வீடன் விஞ்ஞானிகள் எழுதினார்கள். மாத்திரைக் கணக்கில் மருந்து தண்ணீரில் ஓடியது. இதைக் கேட்ட பிறகும் வயலில் ஆன்டிபயாடிக் தெளிக்கலாம் என்பவரோடு வாதிடுவதில் பயனில்லை.

பாக்டீரியாவைப் பாக்டீரியாவாலேயே அடக்கலாம் என்ற யோசனைக்கு உருளைக்கிழங்குதான் தொடக்க காலச் சோதனைச் செடிகளில் ஒன்று. 1978இல் அமெரிக்காவில் பர், ஷ்ராத், சஸ்லோ என்ற மூவர், வேரில் வாழும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், சூடோமோனாஸ் புடிடா என்ற பாக்டீரியாக்களின் சில வகைகளை விதைக்கிழங்குத் துண்டுகளில் பூசி நட்டார்கள். கலிஃபோர்னியாவிலும் ஐடஹோவிலும் 9 வயல்கள். அவற்றில் 5 வயல்களில் விளைச்சல் 14 முதல் 33 சதவீதம் வரை கூடியது. இந்த 33ஐத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். விவசாயி கேட்க வேண்டியது மிச்சமிருந்த 4 வயல்களைப் பற்றி.

ஏன் கூடியது என்பதற்கு ஒரு விடை 1980இல் வந்தது. மண்ணில் இரும்புச் சத்து நிறைய இருந்தாலும் உயிர்களின் கைக்கு எட்டும் வடிவில் மிகக் குறைவு. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு பொருளை வெளியே விடுகிறது. புறஊதா ஒளியில் அது மினுங்கும், பெயரில் இருக்கும் ஃப்ளூரசன்ஸ் அதனால் வந்தது. அந்தப் பொருள் சுற்றியுள்ள இரும்பைக் கவ்விப் பிடித்துத் தன் எஜமானுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. பக்கத்திலிருக்கும் கெட்ட பூஞ்சைகள் இரும்புக்கு ஏங்கி நலிகின்றன. ரேஷன் கடையில் முதலில் போய் மொத்தத்தையும் வாங்கிவிடுகிற சாமர்த்தியம்தான். அதோடு நிற்பதில்லை. சில வகைகள் தாமே ஆன்டிபயாடிக் சுரக்கின்றன, சில வேரின் மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அண்டவிடுவதில்லை, சில செடியைச் சீண்டி அதன் சொந்த எதிர்ப்புச் சக்தியை முன்கூட்டியே விழிக்கச் செய்கின்றன. செடியும் சும்மா இருப்பதில்லை. இலையில் சமைத்த சர்க்கரையில் கணிசமான பங்கை வேர் வழியே கசியவிட்டு இவற்றுக்குச் சோறு போடுகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வாடலை உண்டாக்கும் கிருமிக்கு 1990களின் நடுவில்தான் ரால்ஸ்டோனியா என்று பெயர் மாறியது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அதன் பெயரும் சூடோமோனாஸ்தான். நோய் தருவதும் தீர்ப்பதும் ஒரே குடும்பப் பெயரில் இருந்தன. கிழங்கின் தோலில் சொறி உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா இனம். 1943இல் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஷாட்ஸ் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் அதே இனத்தின் கொடைதான். மண்ணுக்குள் நல்ல சாதி, கெட்ட சாதி என்று கிடையாது போலிருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலை நடந்த இடங்கள் இரண்டைச் சொல்லலாம். 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இல் சிம்லாவுக்குக் குடிபெயர்ந்த மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில், 1990களில், வாடல் நோய் இயல்பாகவே ஊறிப்போன நிலத்தில் பசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களை இட்டுச் சோதித்தார்கள். தொட்டி மண்ணில் செய்துகாட்டுவது சுலபம், நோய் பிடித்த வயலில் இறங்கியதுதான் துணிச்சல். நோய் குறைந்தது. அடியோடு போகவில்லை. இன்னொரு இடம் கோவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிஎஃப்1 என்ற சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் வகையைப் பொறுக்கியெடுத்து வளர்த்தது. தமிழ்நாட்டு விவசாயிகள் இன்று 'சூடோமோனாஸ்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் பொட்டலத்தின் மூலம் அதுதான்.

அந்தப் பொட்டலத்தின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் வளரும் பாக்டீரியா குழம்பாக இருக்கும். குழம்பை விவசாயி எப்படி எடுத்துப்போவது? கோவையைச் சேர்ந்த வித்யாசேகரனும் முத்தமிழனும் அதைப் பவுடரில் ஏற்றி, கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கு எதிராகப் பயன்படுத்திய விவரத்தை 1995இல் வெளியிட்டார்கள். டால்க் பவுடர், முகத்துக்குப் பூசுகிறோமே அதே கல்மாவு. அதில் பாக்டீரியா மாதக்கணக்கில் பிழைத்திருந்தது. விலை மலிவு, கையாளச் சுலபம். பிறகு கிலோ விதைக்கு 10 கிராம், ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ தொழுஉரத்தில் கலந்து நிலத்தில் இடுவது என்று எளிய கணக்குகள் வந்தன. தரமான பொட்டலத்தில் கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது விதி.

உயிருள்ள என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சட்டத்தின் பார்வையில் இது பூச்சிகொல்லி. 1968ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டத்தின் கீழ்தான் பதிவு. கடையிலும் பூச்சிகொல்லியோடு ஒரே அலமாரி. தக்காணத்துக் கோடையில் தகர ஷெட் கிடங்கு எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரசாயன மருந்து அதைத் தாங்கும், சூடோமோனாஸ் தாங்காது. அதற்கு விதையுறை போல் வித்து உண்டாக்கத் தெரியாது. பசில்லஸ் சப்டிலிஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பயல். 1876இல் ஃபெர்டினாண்ட் கோன், வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்த பிறகும் சில பாக்டீரியாக்கள் பிழைத்து எழுவதைக் கவனித்து, அவை கெட்டியான வித்தாக மாறி உறங்குகின்றன என்று கண்டார். வைக்கோல் பாக்டீரியா என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அலமாரியில் கிடக்க வேண்டிய சரக்கு என்றால் அதுதான் பொருத்தம். கலிஃபோர்னியாவின் அக்ராக்வெஸ்ட் என்ற சிறிய கம்பெனி ஒரு பீச் தோட்டத்து மண்ணில் எடுத்த பசில்லஸை மருந்தாக்கி விற்றதும், 2012இல் ரசாயன மருந்துக்குப் பேர்போன பேயர் அந்தக் கம்பெனியையே வாங்கியதும் சும்மா நடக்கவில்லை.

ஜீடிமெட்லாக்காரரிடம் திரும்பலாம். வாரவிடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் கடையில் நிற்கிறார். ஒரு கிலோ சூடோமோனாஸ் கேட்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது மெதுவாத்தான் பிடிக்கும் அன்னா, கூடவே இதையும் கலந்துடு, கவலை இல்லை" என்று நீல நிற மருந்துப் பை ஒன்றை நீட்டுகிறார். காப்பர் ஆக்ஸிகுளோரைடு. தாமிரம், பூஞ்சையையும் பாக்டீரியாவையும் பேதம் பார்க்காமல் கொல்லும். ஒரே டிரம்மில் இரண்டையும் கலக்கிய நிமிடத்தில் காசு கொடுத்து வாங்கிய நண்பர்கள் காலி. தெளிக்கிறவருக்குத் தெரியாது, தண்ணீரின் நிறத்திலும் தெரியாது. அறுவடையின்போது 'அந்த பாக்டீரியா மருந்து வேலைக்கு ஆகாது' என்று முடிவு கட்டுவார்கள். அந்த முடிவு ஊர் முழுக்கப் பரவும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது அநியாயம். அவர் படித்த பாடம் ரசாயனத்தின் பாடம். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பலம். ஐம்பது அறுபது வருஷமாக வேளாண் அதிகாரிகளும் கம்பெனி ஆட்களும் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். இதில் போலிகளும் சேர்ந்துகொண்டன. வெறும் கல்மாவைப் பையில் அடைத்து விற்பதைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. 10 கோடி இருக்கிறதா, பத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு நாளாவது வேண்டும், அந்த வசதி எந்தத் தாலுகாவில் விவசாயியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது?

தயிர் உறைய வைக்கத் தெரிந்த எந்தப் பெண்மணிக்கும் இந்த விஷயத்தை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். பொங்கும் பாலில் உறை மோர் விட மாட்டார்கள். ஊட்டியில் மார்கழிக் குளிரில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைப்பார்கள். உறை புளித்துக் கெட்டிருந்தால் பக்கத்து வீட்டில் நாலு சொட்டு கடன் வாங்குவார்கள். கையில் இருப்பது உயிர் என்று தெரிந்த நடத்தை அது. ரைசோபியம் போன்ற நுண்ணுயிர் உரங்களை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தச் சொல்லும் தமிழ்நாட்டு வழக்கத்திலும் அந்த அறிவுதான் இருக்கிறது. 'ஆறிய' என்றும் 'நிழலில்' என்றும் துண்டுப் பிரசுரத்தில் சொன்ன இரண்டு வார்த்தைகளைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பாக்டீரியாவால் எல்லாம் ஆகும் என்று பேசுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நம்பிக் கெட்டவர்களும் உண்டு. 1845இல் தொடங்கி அயர்லாந்தைப் பட்டினி போட்டு 10 லட்சம் பேரைக் கொன்ற பின்பருவக் கருகல் நோய், 1870-80களில் இந்தியாவில் முதலில் தலைகாட்டியது நீலகிரியில். மேகமூட்டமும் குளிரும் சேர்ந்த வாரத்தில் அது ஒரு வயலைத் தீயிட்டதைப் போலக் கருக்கிவிடும். வேரில் பூசிய பாக்டீரியாவை மட்டும் நம்பி அந்த வாரத்தைக் கடக்க முடியாது. எதிர்ப்புத் திறனுள்ள ரகமும் வேளைக்குத் தெளிக்கும் மருந்தும் வேண்டும். வாடல் நோயிலும், நோயுள்ள விதையை நட்டுவிட்டுப் பிறகு சூடோமோனாஸ் இட்டால் அது காவலுக்கு வந்த ஆளைத் திருடனோடு ஒரே அறையில் பூட்டியது போலத்தான். நல்ல விதை, வெட்டாத முழுக் கிழங்கு, மாற்றுப் பயிர், தொழுஉரம், இவை இருக்குமிடத்தில் பாக்டீரியா தன் பங்கைச் செய்யும். 9 வயலில் 5.

அந்த 5க்கும் 4க்கும் நடுவே இருப்பது மண்ணின் ஈரமும் சூடும், ஏற்கனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களும்தான். ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா உண்டு. வெளியூரிலிருந்து பொட்டலத்தில் வந்து இறங்குபவை அந்தக் கூட்டத்தில் இடம் பிடிக்க வேண்டும். தின்னக் கரிமச் சத்து இல்லாத, ரசாயன உரம் மட்டுமே கண்ட நிலத்தில் அவை பட்டினியாகவே சாகும். தொழுஉரத்தில் கலந்து இடச் சொல்வது அதனால்தான். வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு.

ஜீடிமெட்லாவின் சுத்திகரிப்புத் தொட்டியை நாள்தோறும் பார்ப்பவருக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. புதிய சரக்கு எது வந்தாலும் தொட்டிக்கு ஒத்துவருமா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைப் பார்த்தவர் அவர். காற்று மோட்டார் நின்றால் ஃபோன் பறப்பதையும் பார்த்தவர். அதே ஆள் சனிக்கிழமை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் சூடோமோனாஸையும் தாமிரத்தையும் ஒரே டிரம்மில் கொட்டுகிறார் என்றால், தொழிற்சாலையில் தெரிந்தது வயலில் மறந்துபோவானேன் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. தொட்டியில் இருப்பவை வேலையாட்கள், பையில் இருப்பது மருந்து என்று அவரிடம் எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இந்த முறை நீல நிறப் பையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பவுடர்ப் பையை மட்டும் ஈரத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தொழுஉரத்தில் கலந்து, தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடி நிழலில் வைப்பார். கிழங்கு வெட்ட வேண்டி வந்தால் கத்தியை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்வார். அப்பா சிரிப்பார். மார்கழியில் ஏதேனும் ஒரு செடி நடுப்பகலில் தலை தொங்கினால், அடியில் அறுத்து டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பார்ப்பார்கள், இருவரும், மூச்சு விடாமல்.